தராசும் சூடும்: வீட்டிலேயே பேக்கிங் தொடங்க மூன்று பண்டங்கள்

சாம்பாரில் உப்பு குறைந்தால் பிறகு போட்டுக்கொள்ளலாம். பாயசம் நீர்த்துப்போனால் இன்னும் ஐந்து நிமிடம் அடுப்பில் விட்டால் இறுகிவிடும். கேக்கில் இந்தச் சலுகை கிடையாது. மாவை டின்னில் ஊற்றிச் சூட்டுக்குள் வைத்துவிட்டால் அதன்பின் நம் கையில் ஒன்றுமில்லை. நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்களே முதல் கேக்கில் அதிகம் தோற்பதும் இதனால்தான். என் அம்மா கண் அளவிலேயே முறுக்கு மாவு பிசைவார். ஒன்றுகூட எண்ணெயில் உடையாது. அவர் முதல்முறை கேக் செய்தபோது, மாவு கெட்டியாகத் தெரிகிறதே என்று அரை டம்ளர் பால் சேர்த்துவிட்டார். ஓரமெல்லாம் கேக், நடுவில் களி. இத்தனைக்கும் அந்த மாவு கெட்டியாகத்தான் இருக்க வேண்டும்.

எனவே இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்தப்போவது இரண்டைத்தான்: பொருளை நிறுத்துப் போடுங்கள், உங்கள் அடுப்பின் சூட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். கைப்பக்குவம் பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு தானாக வரும்.

நெய் பிஸ்கட், சாதாரண டீ கேக், தூத்துக்குடி மக்ரூன் என்று மூன்று பண்டங்களை எடுத்திருக்கிறேன். இந்த வரிசையிலேயே செய்யுங்கள். பிஸ்கட்டில் அடுப்பின் குணம் தெரிந்துவிடும்; கெட்டுப்போனாலும் நஷ்டம் நூறு கிராம் நெய்தான். மக்ரூனை முதலில் தொட்டால் முந்திரியும் போகும், மனமும் விட்டுப்போகும்.

வாங்க வேண்டியவை, வேண்டாதவை

முதல் செலவு டிஜிட்டல் தராசாக இருக்கட்டும். 1 கிராம்வரை காட்டுவது போதும். மைதாவைச் சல்லடையில் சலித்து மெதுவாகக் கப்பில் நிரப்பினால் 120 கிராமுக்குப் பக்கத்தில் வரும். அதே கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அழுத்தி மொண்டால் 150 கிராம் ஏறிவிடும். கேக் கல்லாக வருவதற்கு முக்கால்வாசி நேரம் இந்த 30 கிராம்தான் காரணம்.

அடுத்தது அளவு ஸ்பூன். டீஸ்பூன் என்றால் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் என்றால் 15 மி.லி. சர்க்கரை டப்பாவில் கிடக்கும் ஸ்பூனை நம்ப வேண்டாம். பேக்கிங் பவுடரில் கால் ஸ்பூன் கூடினாலே வாய் கசக்கும்.

7 அங்குல வட்ட அலுமினிய டின் ஒன்று, சல்லடை, கம்பி விஸ்க், ரப்பர் கரண்டி, பட்டர் பேப்பர். பட்டர் பேப்பர் வாங்கும்போது, பேக்கிங்குக்கு ஏற்றது என்று உறையில் போட்டிருக்கிறதா பாருங்கள். மெழுகு பூசிய தாள் சூட்டில் உருகும். செய்தித்தாளைப் போட்டு ஒப்பேற்றுவது வேண்டவே வேண்டாம். மை உணவில் ஏறும்.

மின் பீட்டர் இப்போது அவசியமில்லை. மக்ரூன் வரை வந்தபின் வாங்கிக்கொள்ளலாம். சிலிக்கான் அச்சு, கலர் பாட்டில், எசன்ஸ் வரிசை எல்லாம் கடைக்காரர் காட்டுவார். வெனிலா எசன்ஸை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.

சூட்டைப் பழக்குதல்

ஓடிஜி இருந்தால்

1. 1500 வாட் ஓடிஜி (மின் அவன்) 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் பிளக் பாயிண்ட் சூடாகி உருகும். பெரிய 16 ஆம்பியர் பாயிண்டில்தான் சொருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது.

2. நான்கு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மேலே துணி, டப்பா எதுவும் வைக்காதீர்கள். வெளிப்புறக் கண்ணாடியும் கை சுடும். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

3. மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியும்படி வைத்து 15 நிமிடம் காலியாகச் சூடேற்றுங்கள். சூடேறாத அடுப்பில் வைத்த பிஸ்கட் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கேக் எழும்பாது.

4. திருகில் 180 என்று இருப்பதால் உள்ளே 180 டிகிரி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 20 டிகிரி முன்னே பின்னே இருப்பது சகஜம். உள்ளே தொங்கவிடும் அவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி ஒரு நாள் சோதித்து, வித்தியாசத்தை அடுப்பின் மேலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கன்வெக்‌ஷன் உள்ள மைக்ரோவேவ் என்றால் கன்வெக்‌ஷன் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். மைக்ரோ பொத்தானோடு அலுமினிய டின்னை வைத்தால் உள்ளே பொறி பறக்கும்.

கேஸ் அடுப்பு மட்டும் இருந்தால்

கேக்கும் பிஸ்கட்டும் கேஸ் அடுப்பிலேயே வரும். மக்ரூன் வராது. பலரும் குக்கரில் செய்கிறார்கள். ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றினால் போதும் என்பார்கள். நான் ஒரு படி மேலே போய், குக்கர் மூடியையே பயன்படுத்தாதீர்கள் என்பேன். மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வு நீராவிச் சூட்டுக்காகச் செய்தது. தண்ணீர் இல்லாத காய்ந்த சூட்டில் உருகிக் கெட்டுப்போகலாம். மறுநாள் அதே மூடியைப் போட்டுப் பருப்பு வேகவைப்பீர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

1. வீட்டில் ஒதுக்கி வைத்த அடிகனமான பழைய பாத்திரத்தை எடுங்கள். டின்னை உள்ளே வைத்தால் சுற்றிலும் ஓர் அங்குலமாவது இடம் இருக்க வேண்டும். நான்ஸ்டிக் பாத்திரம் கூடாது. காலியாக நெடுநேரம் காய்ந்தால் அதன் பூச்சிலிருந்து நச்சுப்புகை வரும்.

2. அடியில் கல் உப்பை அரை அங்குல உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் இட்லிப் பானை ஸ்டாண்டோ கம்பி வளையமோ வையுங்கள். டின் உப்பைத் தொடக் கூடாது.

3. கனமான தட்டால் மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடேற்றுங்கள்.

4. இடுக்கியால் டின்னை இறக்கி வைத்து, மூடி, தீயைச் சிறிதாக்குங்கள். கேக் என்றால் முதல் அரை மணி நேரம் திறக்காதீர்கள்.

5. திறக்கும்போது மூடியை உங்கள் பக்கமாகத் தூக்காமல், எதிர்ப்பக்க விளிம்பை முதலில் தூக்கித் திறங்கள்.

சூடான உப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக் கூடாது. தெறித்துக் கண்ணில் விழும். எல்லாம் ஆறிய பிறகு உப்பை ஒரு பாட்டிலில் போட்டு வைத்தால் அடுத்த கேக்குக்கும் ஆகும். சமையலுக்கு ஆகாது. ஜன்னல் திறந்திருக்கட்டும். அடுப்பை விட்டு வெளியே போய்விடாதீர்கள்.

இப்படிச் செய்யும் கேக்கின் மேற்புறம் பழுப்பாக வராது, வெளிறித்தான் இருக்கும். சூடு கீழிருந்து மட்டும் வருவதால் அப்படி. நிறத்துக்காகக் காத்திருந்து அடியைத் தீய்த்துவிடாதீர்கள்.

அறைச் சூடு என்றால் யார் வீட்டு அறை?

குறிப்புகளில் வெண்ணெய் அறைச் சூட்டில் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அதை எழுதியவர் குளிர்நாட்டில் இருப்பவர். அவர் அறை 20 டிகிரி. நம் ஊர் மே மாதத்தில் வெண்ணெயை வெளியே வைத்துவிட்டு மாவு சலித்து முடிப்பதற்குள் அது எண்ணெயாகிவிடும். உருகிய வெண்ணெயில் சீனியைத் தேய்த்தால் காற்று ஏறாது. காற்று ஏறாத கேக் அடை மாதிரி இருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக நறுக்கி 10 நிமிடம் வைத்தாலே போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுக்கக் கூடாது. ஊட்டியில் இருப்பவர்கள் ஒரு மணி நேரம் முன்னாலேயே எடுத்து வைக்கலாம்.

நம் கடைச் சீனியும் பெருமணல். அதை அப்படியே போட்டால் கரையாமல் கேக்கின் மேல் புள்ளிபுள்ளியாக நிற்கும். மிக்ஸியில் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். பொடித்த பிறகு நிறுங்கள்.

ஆப்பச்சோடா வேறு, பேக்கிங் பவுடர் வேறு. ஆப்பச்சோடா பொங்க ஒரு புளிப்பு வேண்டும். தயிரோ எலுமிச்சைச் சாறோ இல்லாத மாவில் போட்டால் சோப்பு வாடைதான் மிஞ்சும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பும் சேர்ந்தே இருக்கிறது. அதனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது. இரண்டும் டப்பாவில் கிடந்து வீரியம் இழக்கும். அரை ஸ்பூன் பேக்கிங் பவுடரில் வெந்நீரை ஊற்றினால் சடசடவென்று நுரைக்க வேண்டும். சோடாவை எலுமிச்சைச் சாற்றில் சோதியுங்கள். நுரைக்காவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.

முதல் பண்டம்: நெய் பிஸ்கட்

வடக்கே நான்கட்டாய் என்று சொல்வது இதைத்தான். வாயில் போட்டால் கரைய வேண்டும்; கடிக்க வேண்டியிருந்தால் பிசைந்துவிட்டீர்கள் என்று பொருள்.

மைதா 120 கிராம், கடலை மாவு 30 கிராம், ரவை 15 கிராம், பொடித்த சீனி 75 கிராம், நெய் 100 கிராம், பேக்கிங் பவுடர் கால் டீஸ்பூன், ஏலக்காய்ப் பொடி அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. நெய்யை மி.லி. கணக்கில் அளக்காமல் தராசிலேயே நிறுங்கள், 100 மி.லி. நெய் 100 கிராம் இருக்காது, குறையும்.

1. நெய் உறைந்து, ஆனால் குழைகிற பதத்தில் இருக்க வேண்டும். உருகி ஓடினால் ஃப்ரிட்ஜில் 10 நிமிடம் வைத்து, நடுவில் ஒருமுறை கிளறுங்கள்.

2. நெய்யையும் சீனியையும் கரண்டியால் 5 நிமிடம் தேய்த்துக் குழையுங்கள். மஞ்சள் வெளுத்து, திருநீற்றைக் குழைத்தது போல மிருதுவாகும்.

3. மாவுகளையும் பேக்கிங் பவுடரையும் சேர்த்துச் சலித்து, ரவை, ஏலக்காய், உப்போடு அதில் கொட்டுங்கள். விரல் நுனியால் ஒன்றுசேர்த்தால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி உள்ளங்கையால் அழுத்தினால் மைதா இழுபட்டுப் பிஸ்கட் கெட்டியாகிவிடும். உதிர்ந்துகொண்டே இருந்தால் அரை டீஸ்பூன் நெய் சேர்க்கலாம். தண்ணீரோ பாலோ கூடாது.

4. 20 கிராம் வீதம் நிறுத்து உருட்டுங்கள். 16, 17 உருண்டை வரும். ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் சிறியது தீயும்போது பெரியது பச்சையாக இருக்கும். லேசாகத் தட்டி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள்.

5. தட்டோடு ஃப்ரிட்ஜில் 20 நிமிடம். அந்த நேரத்தில் ஓடிஜியை 160 டிகிரியில் சூடேற்றுங்கள்.

6. நடுத்தட்டில் 18 முதல் 22 நிமிடம். மேலே நிறம் மாறக் காத்திருக்க வேண்டாம். 18ஆம் நிமிடம் ஒன்றைத் தூக்கி அடியைப் பாருங்கள். பொன்னிறமாக இருந்தால் எடுத்துவிடலாம்.

7. சுடச்சுடத் தொட்டால் மெத்தென்று அமுங்கும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளாதீர்கள். எல்லோரும் செய்யும் தவறு இது. தட்டிலேயே 15 நிமிடம் ஆறினால் தானாக மொறுமொறுவென்று இறுகிவிடும்.

ஒரு யோசனை: முதல் தடவை மூன்றே மூன்று பிஸ்கட்டை மட்டும் வையுங்கள், ஒன்று முன்னால், ஒன்று நடுவில், ஒன்று பின்மூலையில். எது முதலில் சிவக்கிறது என்று பாருங்கள். என் ஓடிஜியில் பின்பக்கத்து வலது மூலை எப்போதும் அவசரக்காரி. பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் அங்கே உள்ளது கருகும். மூன்றும் பரவித் தட்டையாகிவிட்டால் மிச்ச மாவில் ஒரு டேபிள்ஸ்பூன் மைதா சேர்த்து, இன்னும் பத்து நிமிடம் குளிரவிட்டு, அடுத்த தட்டை வையுங்கள். இந்த அத்தியாயத்தில் நடுவழியில் திருத்திக்கொள்ள வழி இருப்பது இந்த ஒன்றில்தான்.

கேஸ் அடுப்புப் பாத்திரத்தில் செய்தால் ஒரு தட்டுக்கு ஐந்தாறுதான் பிடிக்கும். 25 நிமிடம்வரை ஆகும்.

இரண்டாம் பண்டம்: டீ கேக்

ஆங்கிலேயர்கள் இதைப் பவுண்டு கேக் என்பார்கள். மாவு, வெண்ணெய், சீனி, முட்டை நான்கிலும் ஒவ்வொரு பவுண்டு என்பதால் அந்தப் பெயர். நமக்குப் பவுண்டு வேண்டாம், விகிதம் போதும். நான்கும் ஒரே எடை. இதை மனதில் வைத்துக்கொண்டால் எழுதிய குறிப்பே தேவையில்லை.

முட்டையில் தொடங்குங்கள். நம் ஊர் முட்டை ஒன்றுபோல் இருப்பதில்லை. 3 முட்டையை உடைத்து ஓட்டை நீக்கி நிறுத்துப் பாருங்கள். 140 கிராம் வந்தால் வெண்ணெயும் சீனியும் மைதாவும் 140 கிராம். 150 வந்தால் எல்லாம் 150. இதோடு பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், வெனிலா எசன்ஸ் 1 டீஸ்பூன், பால் 2 டேபிள்ஸ்பூன். உப்பில்லாத வெண்ணெய் என்றால் உப்பு ஒரு சிட்டிகை. முட்டையை ஃப்ரிட்ஜிலிருந்து அரை மணி நேரம் முன்பே எடுத்துவிடுங்கள்.

1. டின்னுக்கு உள்ளே வெண்ணெய் தடவி, அடியில் வட்டமாக வெட்டிய பட்டர் பேப்பரை ஒட்டுங்கள். அடுப்பை 170 டிகிரியில் சூடேற்றத் தொடங்குங்கள். கலந்து முடித்த பிறகு டின் தேடிக்கொண்டிருந்தால் பேக்கிங் பவுடர் கிண்ணத்திலேயே தன் வேலையை முடித்துவிடும்.

2. மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் இரண்டு தடவை சலியுங்கள்.

3. வெண்ணெயையும் பொடித்த சீனியையும் அடியுங்கள். கையால் என்றால் முழுதாகப் பத்து நிமிடம். மின் பீட்டர் என்றால் நான்கு. இந்தக் கேக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கை வலிக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் நிறுத்தியவர்களின் கேக்கை வெட்டினாலே தெரிந்துவிடும். மஞ்சள் போய் ஏறக்குறைய வெள்ளையாக வேண்டும், அளவிலும் கொஞ்சம் உப்ப வேண்டும்.

4. அடித்த முட்டையை மூன்று நான்கு தடவையாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் நன்றாகச் சேரும்வரை அடியுங்கள். மொத்தமாகக் கொட்டினால் திரிந்த பால் மாதிரி பிரியும். பிரிந்துவிட்டால் பயப்பட வேண்டாம். ஒரு டேபிள்ஸ்பூன் மைதாவைத் தூவிக் கலக்கினால் சேர்ந்துவிடும். எசன்ஸையும் இப்போது சேருங்கள்.

5. மிச்ச மைதாவை இரண்டு பங்காகப் போட்டு, நடுவில் பாலை ஊற்றி, ரப்பர் கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். மாவு கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்துங்கள். இனி அடிக்க அடிக்கக் கேக் ரப்பராகும். மாவு கரண்டியிலிருந்து ஒழுகாது, பொத்தென்று விழும். கெட்டியாகத்தான் இருக்கிறது என்று நீங்களும் பாலுக்குப் போய்விடாதீர்கள்.

6. டின்னில் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். மேலே சமன் செய்து, மேடையில் இரண்டு தட்டுத் தட்டி உள்ளே வையுங்கள்.

7. 170 டிகிரியில் 35 முதல் 45 நிமிடம். கேஸ் அடுப்புப் பாத்திரத்தில் 40 முதல் 50 நிமிடம். 30 நிமிடம் ஆனபின் நடுவில் பல்குத்தும் குச்சியைக் குத்திப் பாருங்கள். ஈர மாவு ஒட்டினால் இன்னும் 5 நிமிடம். இரண்டு துணுக்கு ஒட்டினால் வெந்துவிட்டது. ஒன்றுமே ஒட்டாமல் பளிச்சென்று வரும்வரை விட்டால் மறுநாள் டீயில் நனைத்துத்தான் தின்ன வேண்டும்.

8. டின்னிலேயே 10 நிமிடம் ஆறவிட்டு, ஓரத்தில் கத்தியை ஓட்டிக் கவிழ்த்துங்கள். முழுக்க ஆறிய பிறகு வெட்டுங்கள். வீட்டில் அதுவரை யாரும் பொறுக்க மாட்டார்கள், தெரியும். சூட்டில் வெட்டினால் கத்தியோடு பிய்ந்து வரும் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

கிண்ணத்தை வழித்து நக்கக் குழந்தைகள் காத்திருப்பார்கள். கொடுக்காதீர்கள். பச்சை முட்டையில் மட்டுமில்லை, வேகாத மைதாவிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம்.

எங்கே தவறியது?

நடுவில் குழிந்தால் பெரும்பாலும் அவசரப்பட்டுக் கதவைத் திறந்திருக்கிறீர்கள்; இல்லை பேக்கிங் பவுடர் அதிகம். மேலே எரிமலை மாதிரி வெடித்துக் கூம்பினால் சூடு அதிகம், அடுத்த தடவை 15 டிகிரி குறையுங்கள். அடியில் பிசுபிசுவென்று ஒரு பட்டை தெரிந்தால் வெண்ணெய் உருகியிருந்தது அல்லது அடித்தது போதவில்லை. உள்ளே நீள நீளமாகத் துளைகள் இருந்தால் மைதா போட்டபின் அதிகம் கலக்கிவிட்டீர்கள். தோற்ற கேக்கைக் கொட்ட வேண்டாம். உதிர்த்து, கஸ்டர்ட் ஊற்றி, மேலே வாழைப்பழம் நறுக்கிப் போட்டுக் கொடுத்தால் விருந்தாளிக்குத் தெரியவே தெரியாது.

முட்டை சேர்க்காதவர்களுக்கு

முட்டைக்குப் பதில் ஏதோ ஒன்றை நுழைத்து மேலே சொன்ன கேக்கைச் செய்ய முயல வேண்டாம். அதற்கு வேறு கணக்கு. புளிக்காத கெட்டித் தயிர் 240 கிராம், பொடித்த சீனி 150 கிராம், மைதா 190 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 110 மி.லி., பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், ஆப்பச்சோடா அரை டீஸ்பூன், வெனிலா 1 டீஸ்பூன்.

1. டின்னையும் அடுப்பையும் முதலில் தயார் செய்யுங்கள். 180 டிகிரி.

2. தயிரையும் சீனியையும் கட்டியில்லாமல் கலக்கி, அதில் சோடாவையும் பேக்கிங் பவுடரையும் போட்டு 5 நிமிடம் வையுங்கள். தயிர் நுரைத்து எழும்பும். எழும்பாவிட்டால் சோடா செத்துப்போன சோடா, இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

3. எண்ணெய், எசன்ஸ் சேர்த்துக் கலக்கி, சலித்த மைதாவை மூன்று தடவையாகப் போட்டுப் புரட்டுங்கள்.

4. உடனே டின்னில் ஊற்றி 30 முதல் 35 நிமிடம். கேஸ் அடுப்பில் 40 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் தங்கள் வாசனையைக் கேக்குக்குக் கொடுத்துவிடும். சூரியகாந்தி எண்ணெய் நல்லது. உண்மையைச் சொன்னால், முதன்முதலாகக் கேக் செய்பவருக்கு முட்டைக் கேக்கைவிட இது எளிது. அடிக்கும் வேலையே இல்லை. ருசியில் முட்டைக் கேக்குக்குத்தான் என் ஓட்டு.

மூன்றாம் பண்டம்: தூத்துக்குடி மக்ரூன்

ஐரோப்பாவில் மக்ரூன் வகைகளில் பாதாம் பருப்பு சேரும். தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக்கு 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தார்கள். பிரேசிலிலிருந்து முந்திரியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். தூத்துக்குடி பேக்கரிகளில் பாதாமின் இடத்தில் முந்திரி உட்கார்ந்துவிட்டது. முட்டை வெள்ளை, சீனி, முந்திரி, இவ்வளவுதான் சரக்கு. மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது, சோடா கிடையாது. எழும்புவதெல்லாம் அடித்த முட்டைக்குள் நின்ற காற்றால்தான். அதனாலேயே இது கடினம்.

முட்டை வெள்ளை 3 (ஏறக்குறைய 90 கிராம்), பொடித்த சீனி 150 கிராம், முந்திரி 150 கிராம். மழை நாளில் செய்யாதீர்கள். சீனி காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மக்ரூன் மாலைக்குள் பிசுபிசுத்துவிடும்.

1. முந்திரியை வெயிலிலோ 100 டிகிரி அடுப்பிலோ 10 நிமிடம் காயவைத்து, முழுக்க ஆறவிடுங்கள். மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றி, ரவைப் பதத்தில் எடுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் கக்கி விழுதாகும். அந்த எண்ணெய் முட்டை நுரையைக் கொன்றுவிடும். பொடியில் ஒரு டேபிள்ஸ்பூன் சீனியைச் சேர்த்து அரைத்தால் எண்ணெய் கொஞ்சம் அடங்கும்.

2. எவர்சில்வர் பாத்திரத்தையும் பீட்டர் கம்பியையும் எலுமிச்சைத் தோலால் துடைத்து உலரவிடுங்கள். பிளாஸ்டிக் பாத்திரம் வேண்டாம். எத்தனை கழுவினாலும் அதில் எண்ணெய்ப் பிசுக்கு நிற்கும்.

3. முட்டைகளை ஒவ்வொன்றாக ஒரு சிறு கிண்ணத்தில் உடைத்து வெள்ளையைப் பிரித்து, பிறகு பெரிய பாத்திரத்தில் சேருங்கள். மூன்றாவது முட்டையின் மஞ்சள் கரு உடைந்து மொத்தத்திலும் கலந்தால் அத்தனையும் வீண். பொட்டு மஞ்சள் இருந்தாலும் நுரை நிற்காது.

4. வெள்ளையை நுரை வரும்வரை அடித்து, சீனியை ஒவ்வொரு டேபிள்ஸ்பூனாகச் சேர்த்துக்கொண்டே அடியுங்கள். மின் பீட்டரில் 8, 10 நிமிடம் ஆகும். பளபளவென்று, கம்பியைத் தூக்கினால் கூர்முனை சாயாமல் நிற்க வேண்டும். பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழக் கூடாது. நம்பிக்கை இல்லாதவர்கள் முதலில் கொஞ்சமாகச் சாய்த்துப் பார்க்கவும்.

5. முந்திரிப் பொடியைத் தூவி, ரப்பர் கரண்டியால் பத்துப் பதினைந்து புரட்டில் கலந்துவிடுங்கள். நீர்த்து ஓடத் தொடங்கினால் அதிகம் கலந்துவிட்டீர்கள். அதைச் சரிசெய்ய வழியில்லை.

6. தடித்த பாலிதீன் பையில் நிரப்பி, மூலையை ஒரு விரல் அகலம் வெட்டி, பட்டர் பேப்பர்மேல் கூம்பாகப் பிழியுங்கள். ஜாங்கிரி பிழிந்த கைக்கு இது விளையாட்டு.

7. ஓடிஜியில் 120 டிகிரி. 50 முதல் 60 நிமிடம். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் உள்ளேயே இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். இதை வேகவைப்பது என்பதைவிட உலர்த்துவது என்று நினைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் விறகு அடுப்பின் மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் விடுவதும் இதற்காகத்தான். நேரம் மிச்சம் பிடிக்க 150 டிகிரிக்கு ஏற்றினால் வெளியே பழுப்பாகி வெடித்து, உள்ளே மெழுகு மாதிரி ஒட்டும்.

8. ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். தாளை விட்டுச் சுத்தமாக வந்தால் ஆயிற்று. ஒட்டினால் மறுபடி 120 டிகிரியில் 15 நிமிடம்.

என் முதல் மூன்று தட்டும் கெட்டன. ஒன்றில் முந்திரி எண்ணெய் கக்கியது, ஒன்றில் கதவைத் திறந்து பார்த்தேன், மூன்றாவதை ஐப்பசி மழையில் செய்தேன்.

எடுத்து வைத்தல்

நெய் பிஸ்கட்டும் மக்ரூனும் முழுக்க ஆறிய பிறகே டப்பாவுக்குள் போக வேண்டும். இளஞ்சூடு இருந்தால் மூடியில் வேர்த்து எல்லாம் நமுத்துவிடும். பிஸ்கட் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் நிற்கும். முட்டைக் கேக்கை வெளியே இரண்டு நாளைக்கு மேல் வைக்காதீர்கள்; வெயில் காலத்தில் மறுநாளே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளி, சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் எடுங்கள். தயிர்க் கேக்கும் அப்படியே. மக்ரூனை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. டப்பாவைத் திறந்தவுடன் மூட வேண்டும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

மக்ரூன் செய்த நாளில் மூன்று மஞ்சள் கரு மிஞ்சியிருக்கும். அவற்றைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு கிண்ணத்தில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, இரவு ஒரு முழு முட்டையைச் சேர்த்து அடித்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டால் இரண்டு ஆம்லெட் வரும்.